குறட்டை நிற்கும் நேரத்தைக் கவனியுங்கள்

குறட்டையை நாம் ஒரு நோயாகக் கணிப்பதில்லை. குறட்டை விடுபவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். "உழைச்ச களைப்பு, நல்ல நித்திரை" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கிறோம். ஒரே மண்டபத்தில், ஒரே கொட்டிலில் பல குடும்பங்கள் அடுத்தடுத்துப் பாய் விரித்துப் படுக்க நேரும்போது குறட்டைக்காரர் எல்லோருடைய பகிடிக்கும் ஆளாகிறார். சில வேளைகளில் சண்டைக்கும் காரணமாகிறார். வெட்கப்பட்டு வெளியே மரத்தடியில் போய்ப் படுப்பவர்களும் உண்டு.

குறட்டைகளிற் பல தீங்கற்றவை. ஆனால் ஒரு வகைக் குறட்டை உண்டு. அது பலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும், திடீரென நின்றுபோகும். பத்து, இருபது, முப்பது செக்கன்களுக்கு ஒரு சத்தமும் இராது. நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கும். பின்னர், தண்ணீருக்குள் மூழ்கியவர் மேலே வருவதுபோலத் திணறி, ஒரு பெரிய மூச்சை இழுத்து, மறுபடியும் குறட்டை தொடங்கும். இப்படி ஓர் இரவில் நூறு தடவைக்கு மேலும் நடக்கலாம். படுத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். குறட்டைச் சத்தம் நின்றதும் "அப்பாடா" என்று நாம் ஆறுதல் அடைகிறோமே, அந்த அமைதியில்தான் ஆபத்து இருக்கிறது.

வைத்தியர்கள் இந்நோயை 'ஒப்ஸ்ரக்ரிவ் ஸ்லீப் அப்னியா' என்பார்கள். நாம் இங்கே 'நித்திரை மூச்சுத்தடை' என்று சொல்வோம். இது எப்படி உண்டாகிறது, ஆராய்ச்சியாளர்கள் இதை எவ்வாறு இனங்கண்டார்கள், எந்தச் சிகிச்சை எந்த அளவுக்குப் பயன் தரும் என நிரூபிக்கப்பட்டுள்ளது, எமது குடும்பங்கள் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தொண்டையில் நடப்பது என்ன?

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் வளையம் வைத்த தடித்த குழாயாக இருக்கும். அந்த இடத்தில் மெல்லிய துணிக்குழாயைப் பொருத்தினால் என்ன நடக்கும்? பம்ப் இழுக்கும்போது குழாயின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் ஓடும், தண்ணீர் வராது. அதே துணிக்குழாயைத் தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் பொருத்தினால் அது உப்பி நிற்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதைத் திறந்து வைத்திருக்கிறது.

எமது சுவாசக்குழாயைச் சுற்றிக் கசியிழைய வளையங்கள் உண்டு. ஆனால் அதற்கு மேலே, நாக்கின் பின்புறமும் உண்ணாக்கும் உள்ள பகுதியில், அப்படியான வளையங்கள் இல்லை. அங்கே குழாயைத் திறந்து வைத்திருப்பவை தசைகள்தான். விழித்திருக்கும்போது அத்தசைகள் தம் வேலையைச் செய்கின்றன. நித்திரையில் அவை தளர்ந்துவிடும். பெரும்பாலானோருக்கு அப்போதும் போதிய வழி இருக்கும். கழுத்தில் கொழுப்புக் கூடியவர்களுக்கும், தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருப்பவர்களுக்கும், டொன்சில் பெருத்தவர்களுக்கும் அந்த வழி முன்னரே ஒடுங்கியிருக்கிறது. நெஞ்சு காற்றை இழுக்க இழுக்கத் தொண்டை ஒட்டிக்கொள்கிறது. துணிக்குழாயைப் போட்ட பம்ப் மாதிரித்தான்.

மூச்சு நின்றதும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அதை உணர்ந்து ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. தசைகள் இறுகுகின்றன, வழி திறக்கிறது, மூச்சு வருகிறது. மறுபடியும் ஆழ்ந்த நித்திரைக்குப் போகும்போது அதே கதை. இந்த விழிப்புகள் சில செக்கன்களே நீடிப்பதால் காலையில் ஒன்றும் ஞாபகத்தில் இராது. "எட்டு மணித்தியாலம் படுத்தேன்" என்று அவர் சொல்வார். ஆனால் எட்டு மணித்தியாலமும் அவருடைய உடல் மூச்சுக்காகப் போராடியிருக்கும்.

இதன் விளைவு பகலில் தெரியும். காலையில் தலையிடி, வாய் வறட்சி. எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகும். ஞாபகமறதி, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்பவும் நேரலாம். இங்கேதான் நாம் தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவர் பகலெல்லாம் சோர்ந்து கிடந்தால் "மனம் உடைந்துவிட்டான்" என்கிறோம். அல்லது "சோம்பேறி", "இரவில் குடித்திருப்பான்" என்கிறோம். கவலையும் இருக்கலாம்தான். ஆனால் அதன் அடியில் சிகிச்சைக்கு உட்படும் ஒரு நோயும் மறைந்திருக்கலாம்.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மனவேதனையாலும் பயத்தாலும் நித்திரையே வராமல் புரண்டுகொண்டிருப்பது வேறு நோய். நித்திரை மூச்சுத்தடை உள்ளவர் பெரும்பாலும் படுத்தவுடன் நித்திரையாகிவிடுவார். ஆயினும் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

ஆராய்ச்சியாளர் கண்ட வழி

நெடுங்காலமாக இந்நோயை யாரும் சரியாக அறியவில்லை. நோயாளி பகலில்தான் வைத்தியரிடம் போவார். நோயோ இரவில் வரும். 1965இல் பிரான்சின் மார்செய் நகரில் கஸ்தோ என்பவரும் அவருடைய தோழர்களும், அதே ஆண்டில் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் யுங், கூலோ என்ற இருவரும் நித்திரையிலுள்ள நோயாளிகளின் மூச்சையும் மூளையின் மின்னலைகளையும் இரவு முழுவதும் பதிவு செய்து, மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதைக் காட்டினார்கள். 1976இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கில்மினோ, டிமென்ட் ஆகியோர் இந்நோயை விரிவாக விளக்கி, பருமனானவர்களுக்கு மட்டும் உரியதல்ல இது என்றும் எடுத்துரைத்தார்கள்.

அக்காலத்தில் கடும் நோயாளிகளுக்கு ஒரேயொரு நம்பகமான சிகிச்சைதான் இருந்தது. கழுத்தில் துளையிட்டுச் சுவாசக்குழாய்க்குள் ஒரு குழாயைப் பொருத்துவார்கள். அடைபடும் தொண்டையைத் தவிர்த்துவிட்டு நேரே மூச்சு விடலாம். 1969இல் ஜேர்மனியில் இது செய்யப்பட்டது. பயன் கிடைத்தது. ஆனால் கழுத்தில் துளையோடு வாழ்வதற்கு யார்தான் விரும்புவார்கள்?

அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரைச் சேர்ந்த கொலின் சல்லிவன் என்ற வைத்தியர் வேறு வழி தேடினார். தொண்டை ஒட்டிக்கொள்வது உள்ளே இழுக்கும் விசையால் என்றால், மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அது திறந்து நிற்காதா? பம்பின் வெளியேறும் பக்கத்துத் துணிக்குழாய் உப்பி நிற்பது போலத்தானே! வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை எதிர்ப்பக்கமாக ஊத வைத்து, மூக்குக்குப் பொருந்தும் மூடி ஒன்றைச் செய்து, 1980இல் அதை முதலாவது நோயாளியிடம் பரீட்சித்தார். 1981இல் சல்லிவனும் தோழர்களும் ஐந்து கடும் நோயாளிகளின் முடிவுகளை 'லான்செற்' என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஐந்து பேருக்கும் அடைப்பு முற்றாக நின்று, இரவு முழுவதும் தடையற்ற நித்திரை கிடைத்தது.

அதற்குத் தேவைப்பட்ட அழுத்தம் மிகச் சிறியது: 4.5 முதல் 10 சென்றிமீற்றர் நீர் அழுத்தம். ஒரு குழாயை வாளித் தண்ணீருக்குள் 10 சென்றிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி ஊதினால் குமிழி வருவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவுதான். இன்றும் இந்நோய்க்குப் பிரதான சிகிச்சையாக உலகெங்கும் இருப்பது இதே முறைதான். இந்த இயந்திரத்தைச் 'சீபாப்' என்கிறார்கள்.

எத்தனை பேருக்கு உண்டு?

இது அபூர்வமான நோய் என்றே முன்பு எண்ணினார்கள். 1993இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் டெரி யங் என்ற ஆய்வாளரின் குழு 30 முதல் 60 வயது வரையான 602 அரச ஊழியர்களை ஆராய்ந்த முடிவு வெளியானது. இவர்கள் நோயாளிகளாக வந்தவர்கள் அல்லர், சாதாரணமாக வேலைக்குப் போய் வந்தவர்கள். இந்த ஆய்வின்படி ஆண்களில் 100க்கு 24 பேருக்கும் பெண்களில் 100க்கு 9 பேருக்கும் மணித்தியாலத்துக்கு ஐந்து தடவையாவது மூச்சுத் தடைப்பட்டது. அத்துடன் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தவர்கள் ஆண்களில் 100க்கு 4, பெண்களில் 100க்கு 2. 2019இல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் 30 முதல் 69 வயது வரையானோரில் 93 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் ஓரளவேனும் இருக்கலாம் எனக் கூறுகிறது.

"நான் மெலிந்தவன், எனக்கு வராது" என்று எண்ணக்கூடாது. ஆசிய மக்களில் முக எலும்பின் அமைப்புக் காரணமாக, அதிக பருமன் இல்லாதவர்களுக்கும் இது வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னர் இது கூடுகிறது. பெண்கள் பலர் குறட்டையைச் சொல்லாமல் "உடம்பெல்லாம் அலுப்பு, தலையிடி" என்றே வைத்தியரிடம் சொல்வதால் அவர்களுடைய நோய் தவறவிடப்படுகிறது.

அலட்சியம் செய்தால் என்ன?

முதலாவது ஆபத்து வீதியிலும் வயலிலும் உள்ளது. ஸ்பெயினில் 1995இல் வீதி விபத்துக்குப் பின் புர்கோஸ், சந்தந்தேர் நகரங்களின் வைத்தியசாலைகளுக்கு வந்த 102 சாரதிகளை, அதே நகரங்களைச் சேர்ந்த வேறு 152 பேருடன் ஒப்பிட்டார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, இந்நோய் உள்ளவர்கள் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. உழவு இயந்திரம் ஓட்டுபவர், சூடடிக்கும் இயந்திரத்தின் அருகில் நிற்பவர், இரவில் மரக்கறி லொறி ஓட்டுபவர் ஆகியோர் இதைச் சிந்திக்க வேண்டும். ஒரு கணம் கண் மூடினால் ஒரு குடும்பத்தின் உழைப்பாளி போய்விடுவார்.

இரண்டாவது இரத்த அழுத்தம். விஸ்கொன்சினில் அதே ஆய்வைத் தொடர்ந்தபோது, மணித்தியாலத்துக்கு 15 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சுத் தடைப்பட்டவர்களுக்கு நான்கு ஆண்டுகளின் பின் உயர் இரத்த அழுத்தம் இருக்கும் வாய்ப்பு, தடையே இல்லாதவர்களை விட ஏறக்குறைய மூன்று மடங்காகக் காணப்பட்டது. இந்த முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. பல மாத்திரைகள் எடுத்தும் 'பிரசர்' குறையாதவர்களிடம் இந்நோய் அடிக்கடி காணப்படுகிறது. மாரடைப்பு, பாரிசவாதம், இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, நீரிழிவு ஆகியவற்றுடனும் இது சேர்ந்து காணப்படுகிறது.

மூன்றாவது, சத்திரசிகிச்சை நேரம். மயக்க மருந்தும் பலமான வலிநிவாரணிகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால், இந்நோய் உள்ளவர் அதை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

எப்படிப் பரிசோதிக்கிறார்கள்?

முழுமையான பரிசோதனை வைத்தியசாலையில் ஓர் இரவு தங்கிச் செய்யப்படுவது. தலையில் மெல்லிய கம்பிகள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டிகள், மூக்கில் காற்றோட்டம் அறியும் குழாய், விரலில் பிராணவாயு அளக்கும் கருவி என்பவற்றைப் பொருத்திவிட்டு நித்திரை கொள்ளச் சொல்வார்கள். வலி எதுவும் இல்லை. பத்துச் செக்கன் அல்லது அதற்கு மேல் மூச்சு நின்ற தடவைகளையும், மூச்சு வெகுவாகக் குறைந்த தடவைகளையும் எண்ணி, மணித்தியாலத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். 5க்குக் குறைவானால் சாதாரணம். 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது.

எல்லா ஊரிலும் இவ்வசதி இல்லை. ஆகவே எளிய வழிகளையும் ஆராய்ந்தார்கள். வீட்டிலேயே ஓர் இரவு பொருத்திக்கொள்ளக்கூடிய சிறிய கருவிகள் இப்போது பல நாடுகளில் பாவனையில் உள்ளன. தென் அவுஸ்திரேலியாவில் 155 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற குடும்ப வைத்தியர்களும் தாதிமாரும் பார்த்தார்கள். மறு பிரிவினரைப் பெரிய நிலையத்தின் நிபுணர்கள் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தின் பின் பகல் தூக்கம் குறைந்த அளவில் முதற் பிரிவினர் மற்றவர்களுக்குப் பின்நிற்கவில்லை. இது எம்போன்றவர்களுக்கு முக்கியமான செய்தி. பெரிய நகரத்தின் நிபுணரை எட்ட முடியாத இடத்திலும், பயிற்சி பெற்ற தாதியும் ஊர் வைத்தியரும் இருந்தால் இந்நோயைக் கவனிக்க முடியும்.

கருவி எதுவும் இல்லாமல் கேட்கப்படும் கேள்விகளும் உண்டு. 2008இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிரான்சிஸ் சங் என்ற வைத்தியரின் குழு உருவாக்கிய கேள்விகள் பல நாடுகளிற் பயன்படுகின்றன. அவற்றின் சாரம் வருமாறு:

1. கதவை மூடினாலும் கேட்கும் அளவுக்குப் பலமாகக் குறட்டை விடுவீர்களா?
2. பகலில் அடிக்கடி களைப்பாகவோ தூக்கமாகவோ இருக்கிறதா?
3. நித்திரையில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது கண்டார்களா?
4. உயர் இரத்த அழுத்தம் உண்டா?
5. உயரத்துக்கு மிஞ்சிய பருமன் உண்டா?
6. வயது 50க்கு மேலா?
7. கழுத்தின் சுற்றளவு 40 சென்றிமீற்றருக்கு மேலா?
8. நீங்கள் ஆணா?

மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஐந்துக்கு மேல் என்றால் தாமதிக்கக் கூடாது. கேள்விகளால் மட்டும் நோயை உறுதிப்படுத்த முடியாது. யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்றே அவை காட்டும். 2020இல் கொரோனா காலத்தில் பலர் விரலில் மாட்டிப் பார்த்த பிராணவாயுக் கருவியைப் பகலில் மாட்டி, "98 காட்டுகிறது, நோய் இல்லை" என்று முடிவு செய்யவும் கூடாது. விழித்திருக்கும்போது அளவு சரியாகவே இருக்கும்.

மூன்றாவது கேள்வியை மறுபடி வாசித்துப் பாருங்கள். அதற்கு நோயாளியால் விடை சொல்ல முடியாது. மனைவியோ, கணவனோ, தாயோ, பக்கத்துப் பாயில் படுப்பவரோதான் சொல்ல வேண்டும். வைத்தியரிடம் இருக்கும் எந்தக் கருவிக்கும் முந்திய கருவி அவர்களுடைய கண்ணும் காதும்தான்.

சிகிச்சைகளும் அவற்றின் எல்லையும்

சீபாப் இயந்திரம் பகல் தூக்கத்தைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டோம் என்ற நம்பிக்கையாலேயே சுகம் வந்ததா என்று அறிய, இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் வைத்தியர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களில் ஒரு பகுதியினருக்குப் போதிய அழுத்தத்திலும், மறு பகுதியினருக்குப் பயனற்ற மிகக் குறைந்த அழுத்தத்திலும் ஒரே மாதிரியான இயந்திரத்தைக் கொடுத்தார்கள். 1999இல் வெளியான முடிவில், போதிய அழுத்தம் பெற்றவர்களின் பகல் தூக்கப் புள்ளி 24க்கு 15.5இலிருந்து 7ஆகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 15இலிருந்து 13 மட்டுமே. 10க்கு மேல் என்றால் அளவுக்கு மிஞ்சிய தூக்கம் எனக் கொள்வார்கள்.

ஆனால் எல்லாம் இதனால் தீரும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 பேரை இந்தியா, சீனா, அவுஸ்திரேலியா உட்பட ஏழு நாடுகளில் சராசரி 3.7 ஆண்டுகள் கவனித்த பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. இயந்திரம் பாவித்தவர்களுக்கும் பாவிக்காதவர்களுக்கும் இடையில் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் ஓர் இரவில் சராசரியாக 3.3 மணித்தியாலமே இயந்திரத்தை அணிந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆயினும் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனச்சோர்வு தணிந்தது, வேலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன. இரத்த அழுத்தம் குறைவது சராசரியாகச் சிறிய அளவிலேதான். ஆகவே இயந்திரம் கிடைத்தது என்று பிரசர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இயந்திரத்தின் விலை அதிகம். மின்சாரம் அல்லது மின்கலம் வேண்டும். அழுத்தத்தை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் பழைய இயந்திரத்தை அனுப்பினால் அதை அப்படியே பூட்டிக்கொள்ள வேண்டாம். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பஞ்சுப் பொருள் சிதைந்து மூச்சோடு போகலாம் என்று, ஒரு பெரிய கம்பனியின் பல இலட்சம் இயந்திரங்கள் 2021 யூனில் திரும்பப் பெறப்பட்டன. வகையையும் இலக்கத்தையும் வைத்தியரிடம் காட்டிய பின்பே பாவிக்க வேண்டும்.

இலேசான, நடுத்தர நோய்க்கு வேறு வழிகளும் உண்டு. பல் வைத்தியர் செய்து கொடுக்கும் பற்கவசம் கீழ்த்தாடையைச் சற்று முன்னே தள்ளி வைத்துத் தொண்டையில் இடம் உண்டாக்கும். பிரேசிலில் 31 பேரிடம் மூன்று மாதம் நடந்த பரீட்சையில், நாக்குக்கும் தொண்டைக்கும் தினமும் பயிற்சி செய்தவர்களின் மூச்சுத்தடை மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 22இலிருந்து 14ஆகக் குறைந்தது. இது 2009இல் வெளியானது. சுவிற்சர்லாந்தில் 25 பேரில் ஒரு பகுதியினருக்கு அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழலான டிஜெரிடூவை நான்கு மாதம் பழக்கியபோது, ஊதியவர்களின் பகல் தூக்கமும் மூச்சுத்தடையும் குறைந்ததை 2006இல் அறிவித்தார்கள். இவை சிறிய ஆய்வுகள். கடும் நோய்க்கு இவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பருமனானவர்களுக்கு எடை குறைவது பெரிய பயன் தரும். விஸ்கொன்சின் ஆய்வில் உடல் எடை நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் மூச்சுத்தடை நூற்றுக்கு 26 குறையும் என்றும், அதே அளவு கூடினால் நூற்றுக்கு 32 கூடும் என்றும் கண்டார்கள். அமெரிக்காவில் 2014இல் நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியும், 2024 இறுதியில் பருமனோடு கூடிய நோய்க்கு 'ரிர்செபரைட்' என்ற ஊசி மருந்தும் அனுமதி பெற்றன. இரண்டும் மிகுந்த செலவானவை.

பிள்ளைகளை மறவாதீர்கள்

பிள்ளைகளுக்கு இந்நோய் வர முக்கிய காரணம் டொன்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினொயிட்டும் பெருத்திருப்பது. வாயைத் திறந்தபடி நித்திரை, குறட்டை, அடிக்கடி புரளுதல், படுக்கையில் சலம் போதல் என்பன அறிகுறிகள். பெரியவர்களைப் போலத் தூங்கி வழியாமல், சில பிள்ளைகள் துருதுருவென்று அடங்காமல் இருப்பார்கள். படிப்பில் மனம் நில்லாது. "குழப்படிக்காரன்" என்று அடி வாங்குவார்கள்.

அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, சத்திரசிகிச்சை செய்தவர்களில் 100க்கு 79 பேருக்கு ஏழு மாதத்தில் நித்திரைப் பரிசோதனை சாதாரண நிலைக்கு வந்தது. செய்யாமற் பொறுத்திருந்தவர்களிலும் 100க்கு 46 பேருக்குத் தானாகவே சரியானது. கவனத்தை அளக்கும் பரீட்சையில் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நடத்தையும் சுகநிலையும் சத்திரசிகிச்சை பெற்றவர்களிடம் கூடுதலாக முன்னேறின. எனவே ஒவ்வொரு டொன்சிலையும் வெட்ட வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் வைத்தியருக்குக் காட்டவே வேண்டும்.

நாம் இன்றே செய்யக்கூடியவை

• குடும்பத்தில் பலமாகக் குறட்டை விடுபவரை இரண்டு மூன்று இரவுகள் கவனியுங்கள். மூச்சு நின்றால் எத்தனை செக்கன் என்று மனதுக்குள் எண்ணுங்கள். அரை மணித்தியாலத்தில் எத்தனை தடவை என்பதை எழுதுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் ஒரு சில நிமிடம் பதிவு செய்யுங்கள்.

• கிளினிக் போகும்போது பார்த்தவரும் கூடப் போங்கள். "குறட்டை விடுகிறார்" என்று மட்டும் சொல்லாமல், "நித்திரையில் மூச்சு நிற்கிறது, பகலில் இருந்தபடியே தூங்குகிறார்" என்று சொல்லுங்கள்.

• மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னே சரியும். பக்கவாட்டில் படுக்கப் பழக்குங்கள். சட்டையின் முதுகுப்புறத்தில் ஒரு பந்தை வைத்துத் தைத்தால், மல்லாந்ததும் அது உறுத்தித் திருப்பிவிடும். சிலருக்கு இதனாலேயே நோய் பாதியாகக் குறைகிறது.

• மாலையில் மதுவைத் தவிருங்கள். அது தொண்டைத் தசையைத் தளர்த்தி அடைப்பைக் கூட்டும். புகைத்தலையும் விடுங்கள்.

• நித்திரை மாத்திரையை அயலவரிடம் வாங்கிப் போடாதீர்கள். வைத்தியர் தந்த மாத்திரையாயின் திடீரென நிறுத்தாமல், மூச்சு நிற்பதை அவருக்குச் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

• மூக்கடைப்பு, சளி, ஒவ்வாமை ஆகியவற்றுக்கு மருந்து எடுங்கள்.

• பகலில் கண் சொருகுபவரை, சிகிச்சை பெறும் வரை உழவு இயந்திரத்திலோ வாகனத்திலோ ஏற விடாதீர்கள். இதில் தாட்சண்யம் வேண்டாம்.

• குறட்டையை நிறுத்தும் என்று விற்கப்படும் தைலம், மூக்கு வளையம் போன்றவற்றுக்குப் பணம் செலவழிக்க முன் வைத்தியரைக் கேளுங்கள். சத்தம் குறைந்தாலும் தடை அப்படியே இருக்கலாம்.

நித்திரை மூச்சுத்தடை வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. அது மனப் பலவீனமும் அல்ல, சோம்பலும் அல்ல. தொண்டையின் தசை தளர்வதால் வரும் ஒரு நோய். நோயாளிக்கு அது தெரியாது. அருகில் படுத்திருப்பவர் சொன்னால்தான் தெரியும். இன்றிரவு உங்கள் பக்கத்தில் குறட்டைச் சத்தம் திடீரென நின்றால், மறுபக்கம் திரும்பிப் படுக்காமல் எழுந்திருந்து ஒரு நிமிடம் பாருங்கள்.